கோமுகத்தில் நின்றவர்

சென்ற மழைக்காலத்தில் ஒரு கவிஞர் கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தார். நண்பர், பெயர் வேண்டாம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். எதிரே கல்வராயன் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. அரைமணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பஸ் ஏறுவதற்குள் கவிதை தயாராகிவிட்டது. மலை, மேகம், மௌனம் மூன்றும் அதில் இருந்தன. நல்ல கவிதை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதே கவிதையை அவர் ஏலகிரியில் எழுதியிருக்கலாம், கொல்லிமலையில் எழுதியிருக்கலாம், பல் டாக்டர் அறையில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கூட எழுதியிருக்கலாம். அவரிடம் இதைச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்லாததை எழுதித் தீர்ப்பது நம் வட்டத்தின் பழைய வழக்கம்.

எழுத வந்தது அந்தக் கவிதையைப் பற்றி அல்ல. ஒரு புகைப்படக்காரரைப் பற்றி. மலையேறியும் ஆனவர். அதற்கும் முன்னால் சந்நியாசி.

சுவாமி சுந்தரானந்தர் 1926-ல் நெல்லூர் ஜில்லாக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. 1948-ல் கங்கோத்ரிக்குப் போய்ச் சேர்ந்தார். 2020 டிசம்பர் 23-ம் தேதி டேராடூனில் இறந்தார். இடையில் எழுபத்திரண்டு வருஷம். கங்கோத்ரி ஏறக்குறைய பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. தீபாவளியை ஒட்டிக் கோயில் நடை சாத்தி, அம்மனைக் கீழே முக்பா கிராமத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கடைக்காரர்களும் பண்டாக்களும் இறங்கிவிடுவார்கள். பாகீரதிக் கரையில் இருந்த இரண்டு அறைக் குடிலில், பல குளிர்காலங்களில், இவர் இறங்காமல் இருந்தார். இருபத்தைந்துக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறினார் என்கிறார்கள். எடுத்த படங்கள் லட்சத்தைத் தொடும் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட எண்களில் எனக்கு ருசி கிடையாது. நாள் முழுக்க எண்களோடு உட்கார்ந்திருப்பவனுக்கு எண்கள் எப்படி உருவாகின்றன என்பது தெரியும்.

அவர் காமிரா வாங்கிய கதைதான் யோசிக்க வைக்கிறது. 1955-ல் ஏழு பேரோடு காளிந்தி கால் கணவாய்ப் பாதையில் போயிருக்கிறார். கங்கோத்ரிக்கும் பத்ரிநாத்துக்கும் இடையே, 19,510 அடி. திடீரென்று பனிப்புயல். மயிரிழையில் தப்பினார்கள். திரும்பி வந்தவர் இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு காமிரா வாங்கினார். சாவிலிருந்து தப்பிய மனிதன் கீழே இறங்கி ஊரோடு இருந்துவிடலாம். அல்லது ஸ்தோத்திரம் எழுதலாம். நம் மரபில் இரண்டுக்கும் நிறைய உதாரணம் உண்டு. காமிரா வாங்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. இவருடைய குரு தபோவன மகராஜ், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், கடுமையான வேதாந்தி. (சந்நியாசத்துக்கு முன் மலையாளத்தில் ஒரு பத்திரிகை நடத்தியவர். நம்மில் சிலர் இந்த மார்க்கத்தை யோசிக்கலாம்.) சின்மயானந்தர் படித்ததும் இவரிடம்தான். தபோவன மகராஜும் இமயத்தில் நடந்து நடந்து, நடந்ததையெல்லாம் எழுத்தில் வைத்தார். ஆனால் எழுத்தில் பாறையைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் பாறைக்கு அப்பால் உள்ளதைச் சொல்லிவிட முடிகிறது. காமிராவால் அது முடியாது. அதற்கு அடுத்த வாக்கியம் இல்லை. பாறை பாறையாகத்தான் விழும். காண்பதெல்லாம் தோற்றம் என்ற தத்துவத்துக்குள் வளர்ந்த சீடன் தோற்றத்தைப் பிடிக்கும் யந்திரத்தைக் கையிலெடுத்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் கீழே வைக்கவில்லை. இதை அவர் தனக்குள் எப்படிச் சமாதானப்படுத்திக்கொண்டார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. சமாதானம் ஆகாமல் இருந்ததால்தான் இத்தனை படங்கள் என்று நினைக்கிறேன்.

அவருடைய புத்தகம் 'ஹிமாலயா: த்ரூ தி லென்ஸ் ஆஃப் எ சாது' 2001-ல் வந்தது. பெரிய, கனமான புத்தகம். சேலத்தில் ஒரு டாக்டர் நண்பர் வீட்டில் பார்க்கக் கிடைத்தது. முதல் தடவை ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டேன். நீல வானம், வெள்ளைச் சிகரம், முன்னால் ஒரு பூ. சிவலிங்கச் சிகரம் விடியலில், பகீரதிச் சிகரங்கள் அந்தியில். ஒவ்வொன்றும் அழகு, அதனாலேயே ஒன்று இன்னொன்றை அழித்துக்கொண்டே போயிற்று. பக்தரின் கண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் பிரசாதம். எதையும் விலக்கத் தெரியாத பார்வையைக் கலைஞனின் பார்வை என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. இந்த அபிப்பிராயத்தை டாக்டரிடம் சொல்லவும் செய்தேன். அவர் காப்பி கொடுத்து அனுப்பினார்.

இரண்டாம் தடவை புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனதற்குக் காரணம் ஊர்ப்பெயர். கங்கோத்ரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் மேலே பனியாறு முடிகிற இடத்தில், பனிச்சுவரின் அடியில் ஒரு குகை. கங்கை அதற்குள்ளிருந்து வெளியே விழுகிறது. அதற்குப் பெயர் கோமுகம், பசுவின் வாய். நான் வருஷக்கணக்காகச் சம்பளம் வாங்கிச் சாப்பிடும் ஊரின் ஆற்றுக்குப் பெயர் கோமுகி. கல்வராயனில் பிறந்து, கச்சிராயபாளையத்துக்கு மேலே அணையில் 46 அடி வரை நின்று, வெள்ளாற்றுப் படுகையில் போய்க் கலக்கிற சிறிய ஆறு. மலையில் ஒன்றியத்தின் தலைமை ஊருக்குப் பெயர் வெள்ளிமலை. தமிழில் அது கைலாசத்தின் பெயர். யாரோ ஒருவர் எப்போதோ வடக்கை நினைத்துக்கொண்டு இந்த மலைக்குப் பெயர் வைத்திருக்கிறார். இங்கே இருப்பதைப் பார்க்கும்போதுகூட அங்கே இருப்பதைப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

இரண்டாம் தடவை கோமுகப் படங்களை மட்டும் பார்த்தேன். பிறகு வேறு இடங்களில் வந்த அவருடைய கோமுகப் படங்களையும் தேடிப் பார்த்தேன். தனித்தனியாக எடுத்தால் இவற்றில் பல, மற்ற படங்களைவிடச் சுமார். அழுக்கான பனி, இடிந்த கல், சாம்பல் நிறத் தண்ணீர். ஆனால் ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் வேறு ஏதோ நடக்கிறது. பழைய படத்தில் பனி இருந்த இடத்தில் புதிய படத்தில் கல் கிடக்கிறது. சுவர் பின்னால் போயிருக்கிறது. உயரம் குறைந்திருக்கிறது. பசுவின் வாய் இடம்விட்டு நகர்ந்துகொண்டே போகிறது. கோமுகம் என்பது ஒரு இடம் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய கல்லின் மேலேயே நின்று எடுத்தால் கோமுகம் படத்தில் தூரப் போய்விடும். கோமுகத்தின் எதிரே நின்று எடுத்தால் பழைய கல்லை விட்டுவிட வேண்டும். அவர் அங்கேயே இருந்ததால் இரண்டையும் எடுக்க முடிந்தது. எந்த ஒரு படத்திலும் இல்லாத விஷயம் இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கிறது. அதைக் கண்டது கண் அல்ல, இருப்பு.

மலைக்குக் காமிராவோடு போனவர்களின் பரம்பரை பெரியது. இமயத்தைப் பொறுத்தவரை அதன் மூதாதையான சாமுவேல் போர்ன், நாட்டிங்ஹாமில் ஒரு பாங்கில் குமாஸ்தா! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட அற்ப சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. வேலையை விட்டுவிட்டு 1863-ல் கல்கத்தா வந்து இறங்கினார். பிறகு சிம்லா. மூன்று தடவை இமயத்துக்குள் போனார். 1866-ல் மனிரங் கணவாயில் 18,600 அடியில் படம் எடுத்தார்; சுமார் இருபது வருஷத்துக்கு அதைவிட உயரத்தில் யாரும் எடுக்கவில்லை. அதே பயணத்தில் கோமுகத்தையும் எடுத்தார். அது ஈரக் கொலோடியன் காலம். கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவி முடித்தாக வேண்டும். ஆகவே கூடாரம், கண்ணாடி, அமிலம், தண்ணீர், இவற்றோடு துரையின் சாப்பாடும் மதுவும் மேஜை நாற்காலியும் கூலிகளின் முதுகில் ஏறின. சுமக்க முடியாமல் கூலிகள் ஓடிப்போனபோது தடியை எடுத்துக்கொண்டு தேடிப்போய் அடித்ததை அவரே, எந்தக் கூச்சமும் இல்லாமல், லண்டன் பத்திரிகைக்கு எழுதியனுப்பிய கட்டுரையில் சொல்கிறார்.

போர்னின் படங்கள் அற்புதமானவை. இதைச் சொல்லாமல் மேலே போவது யோக்கியமாகாது. சுந்தரானந்தரின் எந்தப் படத்தையும்விட அவற்றில் ஒழுங்கு அதிகம். ஆனால் இமயம் போதிய அளவு 'சித்திரம் போல' இல்லை என்பது அவருடைய புகார். ஏரி இல்லை, பாலம் இல்லை, எல்லாமே அளவுக்கு மீறிப் பெரிது என்று குறைப்படுகிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டத்துக்குள் மலை அடங்கவில்லை. அடங்கிய இடங்களில் படம் எடுத்தார். ஏழு வருஷத்தில், 1870-ல், ஊருக்குத் திரும்பினார்.

இத்தாலியின் வித்தோரியோ செல்லா (1859–1943) இன்னும் மேலானவர். ஜார்ஜியாவின் ஸ்வானேத்தி, காகசஸ் சிகரங்கள், 1899-ல் காஞ்சன்ஜங்கா, 1909-ல் கே-2. மலையேறியின் கால்தான் அவருக்குக் கண். ஆன்ஸல் ஆடம்ஸ் அவர் முன்னால் தலைவணங்கியதில் ஆச்சரியமில்லை. என்றாலும் செல்லாவும் போய்வந்தவர்தான். போய்வருகிறவனுக்கு மலை ஒரு முகத்தைத்தான் காட்டுகிறது. அந்த முகம் எவ்வளவு மகத்தானதாக இருந்தாலும் அது விருந்தாளிக்குக் காட்டும் முகம்.

இங்கே வேறொரு பெயரையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பி.ஏ.யில் எங்களுக்கு ஆடன் பாடமாக இருந்தது. டபிள்யூ. எச். ஆடனுக்கு ஒரு அண்ணன் உண்டு என்பதை எங்கள் பேராசிரியர் சொல்லவில்லை. ஜான் பிக்னெல் ஆடன், இந்திய நிலவியல் துறையில் உத்தியோகம், மலையேறி. 1935-ல் கங்கோத்ரிப் பனியாற்றின் முனையை அளந்து வரைபடம் எடுத்தவர் இவர்தான். பின்னால் வந்த அளவைகள் எல்லாம் அந்த வரைபடத்தை வைத்துத்தான் பனியாறு எவ்வளவு பின்வாங்கியது என்று சொல்கின்றன. 1935-க்கும் 1996-க்கும் இடையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல். சராசரி வருஷத்துக்குச் சுமார் இருபது மீட்டர். அண்ணன் அளந்துவிட்டு வந்த மறுவருஷம், 1936-ல், தம்பி இஷர்வுட்டோடு சேர்ந்து மலையேறி ஒருவனைப் பற்றி நாடகம் எழுதி அச்சிட்டார்: 'தி அஸென்ட் ஆஃப் எஃப்-6'. அதை அண்ணனுக்கே சமர்ப்பணமும் செய்தார். அதில் மலை என்பது கதாநாயகனின் மனச்சிக்கல். உச்சியில் காத்திருக்கும் பூதம் அவனுடைய தாய். நாடகமாக அது எனக்குப் பிடித்தது. ஆனால் இப்போது யோசித்தால், இந்த இரண்டு சகோதரர்களில் மலையைப் பார்த்தவன் யார் என்ற கேள்வி வருகிறது. தம்பிக்கு மலை தன்னைச் சொல்லிக்கொள்ள ஒரு மேடை. அண்ணனுக்குப் பனி எங்கே முடிகிறது என்பதே விஷயம். நாம் எல்லோரும், தயக்கமில்லாமல், தம்பியின் கட்சி.

சுந்தரானந்தர் இந்த இருவருக்கும் நடுவில் வருகிறார். தம்பியைப் போல மலைக்கு அர்த்தம் கொடுத்துக்கொண்டுதான் போனார். சந்நியாசிக்கு அது தவிர்க்க முடியாதது. ஆனால் இருந்த இருப்பு அவரை அண்ணனின் வேலைக்குக் கொண்டுபோய் விட்டது. பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் ஸ்லைடு போட்டுக் காட்டினார். பனி குறைவதையும் குப்பை சேர்வதையும் பூர்ஜ மரங்கள் வெட்டுப்படுவதையும் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார். தரிசனத்துக்காக எடுத்த படங்கள் சாட்சியங்களாக மாறிவிட்டன. கடவுளின் வீட்டை எடுத்தவர் அது இடிவதையும் எடுத்தபடி இருந்தார். வேறு ஒருவர் என்றால் இந்த இடத்தில் ஒன்று பக்தியை விட்டிருப்பார், அல்லது காமிராவை விட்டிருப்பார். இவர் இரண்டையும் விடவில்லை. கடைசிக் காலத்தில் கங்கோத்ரியிலேயே தன் படங்களுக்காக ஒரு கூடமும் கட்டி முடித்தார்.

இதை ஒரு நண்பரிடம் பேசியபோது உடனே வெட்டினார்: "அது விஞ்ஞானத்துக்கு உபயோகப்படும் ஆவணம். கலையோடு ஏன் குழப்புகிறாய்?" நியாயமான கேள்வி. என் பதில் முழுமையானது அல்ல, ஆனாலும் சொல்கிறேன். எஸ்ரா பவுண்டு படிமத்தை ஒரு கணத்தோடு கட்டிவைத்துவிட்டுப் போனார். 1959-ல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நாம் அந்தக் கணத்தைப் பூஜை செய்துவருகிறோம். மின்னல் மாதிரி ஒரு வரி. அதில் எல்லாம் தெரிந்துவிட வேண்டும். இந்த நம்பிக்கை நல்ல கவிதைகளைத் தந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணத்தில் தெரியாத விஷயங்கள் உண்டு. பனி உருகுவது ஒரு கணத்தில் தெரியாது. ஒரு ஊர் ஏழையாவது, ஒரு மொழியில் மரங்களின் பெயர்கள் மறந்துபோவது, ஒரு மனுஷிக்கு வயதாவது, எதுவும் தெரியாது. இவற்றைப் பார்க்க இரண்டாவது படம் வேண்டும், மூன்றாவது வேண்டும். அவை முதல் படத்தைவிட அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் இருக்காது. நம் விமர்சனம் தனிப்படத்தை எடைபோடக் கற்றிருக்கிறது. இரண்டு படங்களுக்கு இடையில் உள்ளதை எடைபோட அதனிடம் படிக்கல் இல்லை. நான் புத்தகத்தை ஒரு மணி நேரத்தில் மூடியதற்கு அதுதான் காரணம். என் ரசனையின் உயரம் காரணமில்லை.

நமக்கு இது முற்றிலும் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. திருக்கோவலூரில் பெண்ணையாற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டது அங்கே என்பது ஐதீகம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து கபிலரும் எங்கள் மாவட்டத்துக்காரர் ஆகிவிட்டார். குறிஞ்சிப்பாட்டில் அவர் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரைச் சொல்கிறார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அது கவிதையா, ஜாபிதாவா என்று புத்திசாலித்தனமாகக் கேட்ட காலம் எனக்கும் இருந்தது. இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒரு மழைக்காலம் மட்டும் வந்துபோனவனுக்குத் தொண்ணூற்றொன்பது பூக்கள் கிடைக்காது. அவை ஒரே மாதத்தில் பூப்பவை அல்ல. அந்த வரிசைக்குப் பின்னால் வருஷங்கள் இருக்கின்றன. கல்வராயனில் எனக்கு அடையாளம் தெரிந்த மரம் கடுக்காய் ஒன்றுதான். அதுவும் மூட்டையாக வருவதால்.

இவ்வளவு எழுதிய பிறகு மலையைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நண்பரின் கவிதையைவிட மோசமான காரியம் செய்தவனாவேன்.

கல்வராயன் உயர்ந்த மலை அல்ல. பெரிய கல்வராயனே நாலாயிரம் அடி சுமாருக்குத்தான் வரும். மலையேறிகளுக்கு அதில் எதுவும் இல்லை. அங்கே இருப்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்வார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகக் கதை சொல்வார்கள். மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நாடு சுதந்திரமடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து. 1976-க்கு முன்னால் இந்த மலையில் யாராவது காமிராவோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் என்ன படங்கள் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் உட்காரவில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலர் நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்துக்காரர்கள். ஆனாலும் காமிராக்கள் மலைக்கும் ஏறின. ஊறல் பானைகள், உடைக்கும் போலீஸ்காரர்கள், பின்னணியில் பசுமை. சில நாள். பிறகு இறங்கிவிட்டன. போர்ன் ஏழு வருஷமாவது இருந்தார்.

நான் கவுண்டரில் உட்காருகிறவன். நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கும் முதியோர் பணத்துக்கும் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் காலை பஸ்ஸில் வந்து, மத்தியானம் வரை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். என் வேலையில் ஒரு பகுதி, பாஸ்புக்கில் ஒட்டிய படத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிடுவது. பத்து வருஷத்துக்கு முன் எடுத்த படமாக இருக்கும். எதிரே நிற்பது வேறு ஆள் போல இருக்கும். ஒருநாள் ஒரு கிழவரை இரண்டு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. "நாந்தான் சாமி அது. அப்போ பல்லு இருந்துச்சு" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவருடைய இரண்டு படங்களுக்கு நடுவில் இருந்ததைப் பற்றி எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

அவர் இந்த வருஷம் தை மாதம் இறந்துபோனார். மகன் வந்தான். முப்பது வயதிருக்கும், கேரளாவில் கட்டட வேலை. கணக்கை முடிக்க வந்தவன், எல்லாம் முடிந்த பிறகும் போகாமல் நின்றான். "சார், அந்த ஃபாரத்துல அப்பா படம் ஒண்ணு ஒட்டியிருக்குமே, அதக் குடுப்பீங்களா? வூட்ல வேற படம் இல்ல. காரியத்துக்கு மாலை போடணும்" என்றான். படிவத்திலிருந்து படத்தைப் பிய்க்க எனக்கு அதிகாரம் கிடையாது. மேலதிகாரியைக் கேட்டுவிட்டு என் செல்ஃபோனில் அதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம். ஓரத்தில் பாங்கு முத்திரையின் பாதி வளையம் கன்னத்தில் ஏறியிருந்தது. எழுபது வருஷம் ஒரு மலையில் இருந்த மனிதரைப் பற்றி இருந்த ஒரே படம் அதுதான். அதை எடுத்ததும் அவரைப் பார்ப்பதற்காக அல்ல, எங்களிடம் காட்டுவதற்காக.

ஸ்டூடியோவுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டான். சாயங்காலம் வேலை முடிந்து நானும் கூடப் போனேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் முத்திரையை அழித்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். முகத்தைச் சுற்றி வெட்டியெடுத்து, "பின்னால என்ன போடட்டும்?" என்று கேட்டார். மகனுக்குப் புரியவில்லை. அவரே பதினைந்து இருபது பின்னணிகளை வரிசையாகக் காட்டினார். அருவி, ரோஜாத் தோட்டம், மேகத்தில் திறந்திருக்கும் ஒரு வாசல். மகன் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். நீல வானம், வெள்ளைச் சிகரம், முன்னால் ஒரு பூ. கிழவரை அதன் முன்னால் நிறுத்தி, லாமினேஷன் செய்து, முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். மகன் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"இது எந்த ஊரு மலை சார்?" என்று என்னைக் கேட்டான். வடக்கே, இமயமலை என்றேன். கரியாலூர் போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. படத்தை நியூஸ்பேப்பரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓடினான்.